கர்னல் ஸ்டோரேஜ் கோட்ல ஸ்ட்ரக்ட் எல்லாம் மெமரில எப்படி உக்காருது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சி ஓரளவு தெரியும், லினக்ஸ் கர்னல்ல பிளாக் லேயர் (டிஸ்க் ஐஓ-வைக் கையாளுற அடுக்கு), ஃபைல் சிஸ்டம், டிரைவர்னு இப்பதான் எட்டிப் பாக்க ஆரம்பிச்சிருக்கேன்னு சொல்றவங்களுக்காக எழுதினது. தனியா சொல்லலன்னா கணக்கு எல்லாம் 64 பிட் மெஷினுக்குன்னு வச்சுக்கோங்க.

ஸ்ட்ரக்ட்ல நான் எழுதுன வரிசையிலயேதான் மெமரிலயும் இருக்குமா? அப்புறம் ஏன் சைஸ் கூட்டிப் பாத்தா ஒத்துவர மாட்டேங்குது?

வரிசை மாறாது, அதுக்கு சி ஸ்டாண்டர்டே கேரண்டி. ஆனா நடுவுல காலி இடம் விழும். 8 பைட் நம்பர் 8-ஆல வகுபடுற அட்ரஸ்லதான் இருக்கணும், 4 பைட் நம்பர் 4-ஆல வகுபடுற அட்ரஸ்லன்னு ஒரு விதி இருக்கு, அதுக்காக கம்பைலர் தானாவே பைட்டைத் திணிக்கும், அதுதான் பேடிங். உதாரணத்துக்கு 1 பைட் ஃபிளாக், அப்புறம் 8 பைட் செக்டர் நம்பர், அப்புறம் 1 பைட் ஸ்டேட்டஸ், கடைசியா 4 பைட் நீளம்னு எழுதுறீங்க. கூட்டினா 14. ஆனா ஃபிளாக்குக்குப் பின்னாடி 7 பைட் காலி, ஸ்டேட்டஸுக்குப் பின்னாடி 3 பைட் காலி, மொத்தம் 24 ஆயிடும். அதையே 8, 4, 1, 1-னு பெருசுலேர்ந்து சின்னதுக்கு வரிசையா எழுதுங்க, 14 பைட் டேட்டா, கடைசில 2 பைட் பேடிங், 16-ல முடிஞ்சுது. அந்தக் கடைசி 2 எதுக்குன்னா, இதே ஸ்ட்ரக்டை வரிசையா அடுக்கி அர்ரே போட்டா ரெண்டாவதுல இருக்கிற செக்டர் நம்பரும் 8-ஆல வகுபடணும்ல, அதுக்கு.

8 பைட் மிச்சம் பண்ணி என்ன ஆகப் போகுது? இப்பதான் ரேம் கொட்டிக் கிடக்கே?

எத்தனை காப்பி இருக்குங்கறதப் பொறுத்தது. ஒரு மவுன்ட்டுக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கிற ஸ்ட்ரக்ட்ல 200 பைட் வேஸ்ட் ஆனாலும் யாரும் கவலைப்பட வேண்டாம், அதைப் போய் மாத்தி பேட்ச் அனுப்பினா மெயின்டெய்னர் கடுப்பாவார், நியாயமும் அவர் பக்கம்தான். ஆனா ஒவ்வொரு 4 கேபி மெமரி பேஜுக்கும் கர்னல் ஒரு பேஜ் ஸ்ட்ரக்ட் வச்சிருக்கு, அது 64 பைட். 16 ஜிபி ரேம்னா 41,94,304 பேஜ், அதுக்கு மட்டுமே 256 எம்பி போகுது. அதுல யாராவது ஒரு 8 பைட் ஃபீல்ட் சேர்க்கணும்னு வந்தா இன்னொரு 32 எம்பி காலி, அதோட 64-ங்கற அழகான சைஸும் உடைஞ்சு ஒரு ஸ்ட்ரக்ட் ரெண்டு கேஷ் லைன்ல (பிராசசர் மெமரியை ஒரு தடவைல எடுக்கிற துண்டு) தொங்க ஆரம்பிக்கும். அதனாலதான் அந்த ஸ்ட்ரக்ட்ல யூனியனுக்குள்ள யூனியனா அடுக்கி வச்சிருக்காங்க, படிக்கத் தலை சுத்தும், ஆனா காரணம் இதுதான்.

பிளாக் லேயர்ல பயோன்னு ஒண்ணு, ஒரு ஐஓ ரிக்வெஸ்டோட அடிப்படை ஸ்ட்ரக்ட், அதுவும் இப்படித்தான், ஒரு நல்ல என்விஎம்இ டிஸ்க் இருந்தா செகண்டுக்கு லட்சக்கணக்குல உருவாகி அழியும். அதுக்குள்ள இருக்கிற இட்டரேட்டர்ல ஒரு 8 பைட் செக்டரும் மூணு 4 பைட் நம்பரும் இருக்கு, மொத்தம் 20. சும்மா விட்டா 24 ஆகும்னு அதை பேக்டுன்னு (பேடிங் வைக்காதேன்னு கம்பைலருக்குச் சொல்ற குறி) குறிச்சு 20-லயே நிறுத்தி வச்சிருக்காங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. கேமாலக்ல, அதாவது கர்னலோட மாலக்ல, மெமரி கேட்டா சரியா கேட்ட அளவு கிடைக்காது, 96, 128, 192, 256-னு வகைவகையா டப்பா இருக்கும், 192 பைட் ஸ்ட்ரக்ட் 193 ஆச்சுன்னா நேரா 256 டப்பாவுக்குப் போயிடும். அதுக்குன்னே தனி ஸ்லாப் கேஷ் (ஒரே சைஸ் ஸ்ட்ரக்டுக்கு மட்டுமான மெமரிக் குவியல்) வச்சிருந்தாலும் ஒரு பேஜ்ல எத்தனை அடங்கும்னு பாக்கணும், 256 பைட்னா 16, 264 பைட்னா 15-தான்.

அப்போ எல்லா ஸ்ட்ரக்டுக்கும் பேக்டு போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?

தயவு செஞ்சு வேண்டாம். பேக்டு போட்டா பேடிங் போறது மட்டும் இல்ல, "இந்த ஸ்ட்ரக்ட் எந்த அட்ரஸ்லயும் இருக்கலாம்"னு கம்பைலர்கிட்ட எழுதிக் குடுத்த மாதிரி. எக்ஸ்86 அதை சமாளிச்சுக்கும், ஆனா அலைன்மென்ட்ல கறாரா இருக்கிற பிராசசர்ல ஒரு 8 பைட் நம்பரைப் படிக்க ஒவ்வொரு பைட்டா எட்டு தடவை எடுத்து ஒட்ட வேண்டி வரும். இன்னும் மோசம், உள்ள இருக்கிற ஃபீல்டோட அட்ரஸை எடுத்து சாதாரண பாயிண்டரா வேற ஃபங்ஷனுக்குக் குடுத்தீங்கன்னா அந்த ஃபங்ஷனுக்கு இது பேக்டுன்னு தெரியவே தெரியாது, சில மெஷின்ல அங்கயே டிராப் (பிராசசர் எரர்) அடிக்கும். ஜிசிசி 9-லேர்ந்து இதுக்கு வார்னிங்கே குடுக்குது. லாக், அட்டாமிக் வேரியபிள் மாதிரி ஐட்டமெல்லாம் பேக்டுக்குள்ள வைக்கவே கூடாது. மேல சொன்ன இட்டரேட்டர்லயே பாருங்க, அலைன்மென்ட் 4-னு கூடவே குறிச்சு வச்சிருக்காங்க, முழுசா அவுத்து விடல.

மெமரில மட்டும் இருக்கிற ஸ்ட்ரக்டுக்கு வரிசையை மாத்துறதுதான் மருந்து. டிஸ்க்குக்கோ ஹார்ட்வேருக்கோ போற ஸ்ட்ரக்ட்னா அது வேற கதை.

அது என்ன வேற கதை? ரெண்டும் ஸ்ட்ரக்ட்தானே?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போறீங்கன்னா இதைப் படிங்க. மெமரில இருக்கிற ஸ்ட்ரக்ட் உங்க சொத்து, நாளைக்கு காலைல வரிசையை மாத்தலாம், ஃபீல்டைத் தூக்கலாம், கர்னலைத் திரும்ப கம்பைல் பண்ணா போதும். டிஸ்க்ல இருக்கிறது உங்க சொத்து இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு கர்னல், வேற பிராசசர்ல, வேற கம்பைலர்ல எழுதுன பைட்டை நீங்க இன்னைக்குப் படிக்கணும், நீங்க எழுதுறதை இன்னும் பத்து வருஷம் கழிச்சு யாரோ படிப்பாங்க. அதனால அங்க ஒவ்வொரு பைட்டும் எந்த ஆஃப்செட்ல இருக்குங்கறது ஒப்பந்தம். லேஅவுட்ல வர்ற மோசமான பக் பாதிக்கு மேல இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சதுனால வர்றதுதான்னு நான் சொல்லுவேன்.

இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை எடுத்துக்கோங்க. டிஸ்க்ல இருக்கிற ஐநோட் (ஒரு ஃபைலோட விவரம் எல்லாம் இருக்கிற ரெக்கார்ட்) முன்னாடி 128 பைட், இப்ப டீஃபால்ட்டா 256. மெமரில அதே ஐநோடுக்கு இருக்கிறது வேற ஸ்ட்ரக்ட், சுமார் 1 கேபி வரும், உள்ள லாக், லிஸ்ட், ட்ரீ, எல்லா ஃபைல் சிஸ்டத்துக்கும் பொதுவான விஎஃப்எஸ் ஐநோட் எல்லாம் இருக்கும். டிஸ்க்லேர்ந்து படிக்கும்போது ஒவ்வொரு ஃபீல்டா மாத்தி நிரப்புவாங்க, அப்படியே மெம்காப்பி அடிக்க மாட்டாங்க. டிஸ்க்ல ஐநோட் சைஸ் ரெண்டோட அடுக்கா (128, 256 மாதிரி) இருக்கிறதுக்கும் காரணம் இருக்கு, அப்பதான் ஒரு ஐநோட் பாதி இந்த பிளாக்ல பாதி அடுத்த பிளாக்லன்னு பிரியாது.

எண்டியனும் (நம்பரோட பைட்டை எந்தப் பக்கத்துலேர்ந்து அடுக்குறதுங்கறது; லிட்டில்னா கீழ் பைட் முதல்ல, பிக்னா மேல் பைட் முதல்ல) இதுலதான் வருது. இஎக்ஸ்டி4 டிஸ்க்ல லிட்டில் எண்டியன். எக்ஸ்எஃப்எஸ்ங்கற இன்னொரு ஃபைல் சிஸ்டம் பிக் எண்டியன். இதுல வேடிக்கை, இஎக்ஸ்டி4 பயன்படுத்துற ஜேபிடி2 ஜர்னல் (மாற்றங்களை முதல்ல குறிச்சு வைக்கிற பகுதி) பிக் எண்டியன், அதாவது ஒரே பார்ட்டிஷனுக்குள்ள ரெண்டு விதமும் இருக்கும். ஹெக்ஸ் டம்ப் எடுத்துப் பாக்கும்போது ஜர்னல் பகுதி வந்ததும் நம்பர் எல்லாம் தலைகீழா தெரியுதேன்னு பயப்படாதீங்க. கர்னல்ல இதுக்குன்னே தனி டைப் வச்சிருக்காங்க, லிட்டில் எண்டியன் 32-க்கு ஒண்ணு, பிக் எண்டியன் 32-க்கு ஒண்ணு, மாத்தாம சாதாரண நம்பரோட கலந்தீங்கன்னா ஸ்பார்ஸ்னு ஒரு டூல் திட்டும். அதை ஓட்டாம ஃபைல் சிஸ்டம் பேட்ச் அனுப்பாதீங்க.

பேடிங்கால ஒரு ஃபைல் சிஸ்டம் நெஜமாவே அடி வாங்கியிருக்கா? இல்ல சும்மா பயமுறுத்துறீங்களா?

வாங்கியிருக்கு. எக்ஸ்எஃப்எஸ்ல ஒவ்வொரு அலோகேஷன் குரூப்புக்கும் (டிஸ்க்கைப் பிரிச்ச ஒரு பகுதி) ஒரு ஃப்ரீ லிஸ்ட் ஒரு செக்டர்ல இருக்கும். புது வி5 ஃபார்மட்ல செக்சம் எல்லாம் வந்தப்ப அதுக்கு ஒரு ஹெட்டர் சேர்த்தாங்க: 4 பைட் மேஜிக், 4 பைட் சீக்வென்ஸ், 16 பைட் யூயூஐடி, 8 பைட் எல்எஸ்என், 4 பைட் சிஆர்சி (செக்சம்). கூட்டுங்க, 36. அதுக்குப் பின்னாடி 4 பைட் பிளாக் நம்பர்களா ஒரு அர்ரே.

உள்ள 8 பைட் ஃபீல்ட் இருக்கிறதால 64 பிட் கம்பைலர் ஸ்ட்ரக்டோட சைஸை 40-னு ரவுண்ட் பண்ணிடுச்சு. 32 பிட் எக்ஸ்86-ல 8 பைட் நம்பருக்கே 4 பைட் அலைன்மென்ட் போதும்கறதால அங்க 36. அர்ரே ஆரம்பிக்கிற இடம் ரெண்டுலயும் 36-தான், அதுல தப்பு இல்ல. ஆனா அர்ரேல எத்தனை ஸ்லாட்னு கணக்குப் போட செக்டர் சைஸ்லேர்ந்து ஸ்ட்ரக்ட் சைஸைக் கழிச்சு 4-ஆல வகுத்திருந்தாங்க. 512 பைட் செக்டர்ல 32 பிட்டுக்கு 119, 64 பிட்டுக்கு 118. அந்த லிஸ்ட் வட்டமா சுத்துற லிஸ்ட், கடைசி ஸ்லாட்டுக்கு அப்புறம் முதலுக்கு வரும், அப்ப ஒரு கர்னல் கடைசி ஸ்லாட் வரைக்கும் போயிட்டுத் திரும்பும், இன்னொண்ணு அதுக்கு முந்தின ஸ்லாட்லயே திரும்பிடும். லிஸ்ட் சுத்தி வர்ற வரைக்கும் எதுவும் தெரியாது. சுத்தி வந்த நிலைல டிஸ்க்கை வேற கர்னல்ல மவுன்ட் பண்ணா கவுண்ட் ஒத்துவராது, கரப்ஷன்னு ஷட்டவுன் ஆயிடும்.

4.5 கர்னல்ல, 2016-ல, ஸ்ட்ரக்டுக்கு பேக்டு போட்டு சரி பண்ணாங்க. ஆனா அதோட முடியல, ஏன்னா பழைய 64 பிட் கர்னல் 118-னு நினைச்சு எழுதுன டிஸ்க் எல்லாம் உலகத்துல சுத்திக்கிட்டு இருக்கே, 119-னு சரியா நினைக்கிற புது கர்னல்தான் இப்ப அதைப் பாத்து குழம்பும். அந்த நிலையைக் கண்டுபிடிச்சு லிஸ்டை ரீசெட் பண்ற கோட் 4.17-ல, 2018-லதான் வந்துச்சு. 4 பைட் பேடிங், ரெண்டு வருஷம் இழுத்துச்சு.

இதை கம்பைல் பண்ணும்போதே பிடிக்க வழி இல்லையா?

இருக்கு. ஸ்ட்ரக்ட் சைஸ் எதிர்பார்த்ததா இல்லன்னா பில்டே உடையற மாதிரி ஒரு அசர்ட் போடலாம். என்விஎம்இ டிரைவர் இதைத்தான் பண்ணுது, கமாண்ட் ஸ்ட்ரக்ட் சரியா 64 பைட், இல்லன்னா கம்பைல் ஆகாது. எக்ஸ்எஃப்எஸ்லயும் டிஸ்க் ஸ்ட்ரக்டுக்கெல்லாம் வரிசையா செக் எழுதி வச்சிருக்காங்க. புதுசா ஃபார்மட் எழுதுறீங்கன்னா சைஸை மட்டும் இல்லாம முக்கியமான ஃபீல்டோட ஆஃப்செட்டையும் செக் பண்ணுங்க, சைஸ் சரியா இருந்து உள்ள ரெண்டு ஃபீல்ட் இடம் மாறினாலும் ஆபத்துதான்.

பழைய ஃபார்மட்ல எல்லாம் ஆஃப்செட் கோணல்மாணலா இருக்கே, ஏன்?

டிசைன் பண்ண காலத்துல அலைன்மென்ட் யாருக்கும் பிரச்சனையா தெரியல. ஃபேட் ஃபைல் சிஸ்டத்தோட பூட் செக்டர்ல முதல் 3 பைட் ஜம்ப் இன்ஸ்ட்ரக்ஷன், அடுத்து 8 பைட் பேரு, அதனால செக்டர் சைஸ்ங்கற 2 பைட் நம்பர் ஆஃப்செட் 11-ல, ஒத்தப்படைல உக்காந்திருக்கு. எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் 446-ல ஆரம்பிக்குது, 16 பைட்டா நாலு என்ட்ரி, கடைசில 2 பைட் சிக்னேச்சர், 512 ஆச்சு. என்ட்ரிக்குள்ள ஆரம்ப செக்டர் 8-வது பைட்ல, 446-ஓட கூட்டினா 454, நாலால வகுபடாது. எம்பிஆருக்கு அடுத்து வந்த ஜிபிடியோட ஹெட்டர் ஒழுங்கா அலைன் ஆனதுதான், ஆனா மொத்தம் 92 பைட், சும்மா ஸ்ட்ரக்ட் எழுதினா 96 வரும், அந்த 96-க்கு சிஆர்சி போட்டுப் பாத்தா தப்பா வர வாய்ப்பு இருக்கு. இந்த மாதிரி இடத்துக்குத்தான் பேக்டு, இல்லன்னா அன்அலைன்ட் படிக்கிற ஹெல்பர் ஃபங்ஷன்.

பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் புதுசுதான், அதோட கீ 8 பைட் ஐடி, 1 பைட் டைப், 8 பைட் ஆஃப்செட்னு 17 பைட். ஒரு ட்ரீ நோட்ல இந்த கீ வரிசையா அடுக்கி இருக்கும், ஒவ்வொண்ணும் 24 ஆனா அடங்குற எண்ணிக்கை குறைஞ்சு ட்ரீ உயரமாயிடும், தெரிஞ்சே எடுத்த முடிவு அது.

கேஷ் லைன் பத்தி எல்லாரும் பேசுறாங்க. ஸ்டோரேஜ் கோட்ல எங்க உறைக்கும்?

ஒரே கேஷ் லைன்ல ரெண்டு சிபியு வேற வேற ஃபீல்டை எழுதுற இடத்துல. எக்ஸ்86-ல கேஷ் லைன் 64 பைட், வேற சில பிராசசர்ல 128, எஸ்390-ல 256. ரெண்டு ஃபீல்டுக்கும் சம்பந்தமே இல்லன்னாலும் ஒரே லைன்ல இருந்தா ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அந்த லைன் இங்கயும் அங்கயும் இழுபடும். கோட்ல எந்தத் தப்பும் தெரியாது, லாக்கும் இருக்காது, ஆனா கோர் கூடக் கூட வேகம் ஏறாம நிக்கும்.

2014 ஜனவரில வந்த 3.13-ல மல்டி கியூ பிளாக் லேயர் சேர்ந்ததுக்கு அப்புறம் இது ரொம்ப முக்கியமாச்சு, ஏன்னா ஒரே கியூ லாக்ங்கற பெரிய முட்டுக்கட்டை போனதும் இந்த மாதிரி சின்ன இடிபாடெல்லாம் வெளிய தெரிய ஆரம்பிச்சுது. ரிக்வெஸ்டுக்கு டேக் நம்பர் குடுக்கிற பிட்மேப்பைப் பாருங்க, ஒரு வேர்டுக்கு (64 பிட்) முழுசா ஒரு கேஷ் லைன், விடுவிச்ச பிட்டைக் குறிக்கிற வேர்டுக்கு இன்னொரு கேஷ் லைன். அதாவது 64 டேக்குக்கு 128 பைட். மேல 4 பைட்டுக்கு அவ்வளவு பேசிட்டு இங்க இப்படி வாரி இறைக்கிறாங்களேன்னு தோணும். அங்க எடுக்கிற சிபியு வேற, விடுற சிபியு வேற, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிக்காம இருக்கிறதுக்குக் குடுத்த விலை அது.

நடைமுறைல எப்படி யோசிக்கணும்னா, செட்டப் டைம்ல ஒரு தடவை எழுதி அப்புறம் படிக்க மட்டும் செய்யிற ஃபீல்ட் எல்லாம் ஒரு பக்கம், ஒவ்வொரு ஐஓ-க்கும் எழுதுறது இன்னொரு பக்கம். லாக்கும் அது காக்கிற டேட்டாவும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நல்லது, ஆனா பல பேர் லாக்குக்கு அடிச்சுக்கிட்டா அதுவே தொல்லை, அளந்து பாத்துதான் முடிவு பண்ணணும்.

ஃபிளாக்குக்கு பிட்ஃபீல்ட் போடலாமா?

டிஸ்க் ஃபார்மட்லயும் ஹார்ட்வேர் ஸ்ட்ரக்ட்லயும் வேண்டாம், பிட் எந்தப் பக்கத்துலேர்ந்து அடுக்கப்படும்னு சி ஸ்டாண்டர்ட் சொல்லல, மாஸ்க்கும் ஷிஃப்டும் போட்டு எழுதுங்க. மெமரில மட்டும்னா போடலாம், ஆனா பக்கத்துல யார் இருக்காங்கன்னு பாத்து. ஒரு பிட்டை மாத்தணும்னா பிராசசர் முழு வேர்டையும் படிச்சு, மாத்தி, திரும்ப எழுதும், அதுக்குள்ள வேற சிபியு பக்கத்து பிட்டை மாத்தியிருந்தா அது போச்சு. அதனால ஒரே வேர்டுல இருக்கிற பிட் எல்லாத்தையும் ஒரே லாக் காக்கணும்.

2012-ல பிடிஆர்எஃப்எஸ்ல இதுக்கும் ஒரு படி மேல நடந்துச்சு. ஒரு ஸ்ட்ரக்ட்ல 4 பைட் ஸ்பின்லாக் (கிடைக்கிற வரைக்கும் சுத்திக்கிட்டே காத்திருக்கிற லாக்), அடுத்த 4 பைட்ல பிட்ஃபீல்ட், ரெண்டும் ஒரே 8 பைட்டுக்குள்ள. பிட்டை மாத்த ஜிசிசி சில 64 பிட் ஆர்க்கிடெக்சர்ல 8 பைட்டையும் சேர்த்துப் படிச்சு எழுதுச்சு, அதுல பக்கத்து லாக்கோட பழைய மதிப்பும் திரும்ப எழுதப்பட்டு, ரிலீஸ் ஆன லாக் பிடிச்ச மாதிரியே நின்னுடுச்சு. சி சோர்ஸை எத்தனை தடவை படிச்சாலும் கண்டுபிடிக்க முடியாது, அசெம்ப்ளியைப் பாத்தாதான் தெரியும். பிட்ஃபீல்டைத் தவிர்த்துத்தான் அப்ப தப்பிச்சாங்க.

டிரைவர் கோட்ல பயோவுக்கு முன்னாடி, ரிக்வெஸ்டுக்குப் பின்னாடின்னு பாயிண்டர் கணக்கெல்லாம் போடுறாங்களே, அது சரியா?

சரிதான், வேணும்னே அப்படி. ஒவ்வொரு ஐஓ-க்கும் டிரைவருக்குன்னு கொஞ்சம் சொந்த டேட்டா வேணும், அதுக்குத் தனியா அலோகேட் பண்ணா நேரம் போகும், பாதி வழில மெமரி கிடைக்காம மாட்டிக்கவும் வாய்ப்பு. அதனால மல்டி கியூல டிரைவர் முன்கூட்டியே எனக்கு இத்தனை பைட் வேணும்னு சொல்லிடும், ரிக்வெஸ்ட் ஸ்ட்ரக்ட் முடிஞ்ச உடனே அந்த இடம் இருக்கும். பயோவுல தலைகீழ், முன்னாடி இடம் விடுவாங்க, ஏன்னா பயோவுக்குப் பின்னாடி உடனே அதோட பேஜ் வெக்டர்கள் உக்காரலாம், ஒண்ணு 16 பைட்: பேஜ் பாயிண்டர், நீளம், ஆஃப்செட். டிவைஸ் மேப்பர் மாதிரி கோட்ல பயோவை உங்க ஸ்ட்ரக்டுக்குள்ள வைக்கும்போது அது கடைசி மெம்பரா இருக்கணும்கறது இதனாலதான், நடுவுல வச்சா அந்த வெக்டர்கள் உங்க அடுத்த ஃபீல்ட் மேலயே ஏறிடும்.

உள்ள இருக்கிற மெம்பரோட அட்ரஸ்லேர்ந்து வெளி ஸ்ட்ரக்டுக்கு வர கன்டெய்னர்-ஆஃப் மேக்ரோ இருக்கு. அதை விட்டுட்டு "முதல் மெம்பர்தானே, காஸ்ட் பண்ணிக்கலாம்"னு எழுதாதீங்க, நாளைக்கு ஒருத்தர் கேஷ் லைனுக்காக வரிசையை மாத்துவார், உங்க கோட் சத்தமில்லாம உடையும்.

டிஎம்ஏ பஃபரை ஸ்ட்ரக்டுக்குள்ளயே அர்ரேயா வச்சுக்கலாமா?

வைக்காதீங்க. டிஎம்ஏ-வும் (சிபியு இல்லாம டிவைஸே நேரா மெமரில எழுதுறது, படிக்கிறது) கேஷும் ஒத்திசைவு இல்லாத மெஷின்ல, டிவைஸ் அந்த பஃபர்ல எழுதினதும் கர்னல் அந்த கேஷ் லைனைத் தூக்கிப் போடும், அதே லைன்ல பக்கத்து ஃபீல்ட் இருந்தா நீங்க அதுல எழுதினதும் சேர்ந்து போயிடும். ஸ்கசில 96 பைட் சென்ஸ் (எரர் விவரம்) பஃபரை கமாண்ட் ஸ்ட்ரக்டுக்குள்ள வைக்காம பாயிண்டரா தனியா வச்சிருக்காங்க. ஸ்டாக்ல இருக்கிற பஃபரையும் டிஎம்ஏ-க்குக் குடுக்கக் கூடாது.

காலியா இருக்கிற பேடிங் பைட்ல என்ன இருக்கும்?

முன்னாடி அந்த மெமரில என்ன இருந்துச்சோ அது. கர்னல் பாயிண்டரா இருக்கலாம், யாரோட பாஸ்வேர்டோட துண்டாவும் இருக்கலாம். அந்த ஸ்ட்ரக்டை அப்படியே யூசர்ஸ்பேஸுக்கு காப்பி பண்ணாலோ டிஸ்க்ல எழுதினாலோ அதுவும் கூடவே வெளிய போகும். ஒவ்வொரு ஃபீல்டையும் நிரப்பிட்டேன்னு நிம்மதியா இருக்க முடியாது, பேடிங் ஃபீல்டே இல்லையே. முதல்ல மெம்செட் போட்டு மொத்தத்தையும் சைபர் ஆக்குங்க, அதை விட நல்லது பேடிங்கே வராத மாதிரி காலி இடத்துக்கு ரிசர்வ்டுன்னு பேர் வச்சு நீங்களே எழுதிடுங்க.

ஐஆக்டில் (புரோகிராம் டிரைவர்கிட்ட நேரா கட்டளை குடுக்கிற சிஸ்டம் கால்) ஸ்ட்ரக்டுக்கு இது கட்டாயம். 4 பைட்டும் அடுத்து 8 பைட்டும்னு எழுதினா 32 பிட் எக்ஸ்86 புரோகிராம் அதை 12 பைட்னு நினைக்கும், 64 பிட் கர்னல் 16-னு நினைக்கும், ஐஆக்டில் நம்பருக்குள்ளயே சைஸ் இருக்கிறதால நம்பரே மாறிப் போயி அப்படி ஒரு ஐஆக்டிலே இல்லன்னு எரர் வரும். அப்புறம் அதுக்குன்னு கம்பாட் கோட் (32 பிட் புரோகிராமுக்கான மாத்து வழி) எழுதிக்கிட்டு இருக்கணும். ரிசர்வ்டு ஃபீல்ட் வச்சீங்கன்னா அது சைபரா இருக்கான்னு இன்னைக்கே செக் பண்ணி, இல்லன்னா எரர் குடுங்க. குப்பையோட வந்ததை விட்டுட்டீங்கன்னா நாளைக்கு அந்த இடத்துக்கு அர்த்தம் குடுக்கவே முடியாது.

ஸ்ட்ரக்ட் லேஅவுட்டைக் குழப்பி விடுற ஒரு செக்யூரிட்டி ஆப்ஷன் இருக்காமே?

இருக்கு, 4.13-லேர்ந்து. ஒவ்வொரு பில்டுக்கும் குறிப்பிட்ட ஸ்ட்ரக்டோட ஃபீல்ட் வரிசையைக் கலைச்சுப் போடும், அட்டாக் பண்றவனுக்கு ஆஃப்செட் தெரியாம இருக்க. மெமரி ஸ்ட்ரக்டுக்கு மட்டும்தான். டிஸ்க் ஸ்ட்ரக்ட் பக்கம் அதைக் கொண்டு போனா என்ன ஆகும்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் கையால எண்ணிக்கிட்டா இருப்பாங்க?

இல்ல, பஹோல்னு ஒரு டூல், அர்னால்டோ கர்வால்ஹோ டி மெலோ எழுதினது, ட்வார்வ்ஸ் பேக்கேஜ்ல வரும். டீபக் இன்ஃபர்மேஷனைப் படிச்சு ஒவ்வொரு ஃபீல்டோட ஆஃப்செட், சைஸ், எங்க ஓட்டை, கேஷ் லைன் எங்க மாறுது எல்லாம் காட்டும். பிடிஎஃப் (BTF, கர்னலுக்குள்ளயே இருக்கிற டைப் விவரம்) போட்டு கம்பைல் ஆன கர்னல்னா ஓடிக்கிட்டு இருக்கிற கர்னலோட ஸ்ட்ரக்டையே பாக்கலாம், தனியா பில்ட் பண்ண வேண்டியதில்ல. ரீஆர்கனைஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஓட்டையை எல்லாம் அடைச்சு வரிசை மாத்திக் காட்டும், ஆனா அதை அப்படியே எடுத்து ஒட்டாதீங்க. எந்த ஃபீல்ட் ஐஓ பாத்ல சூடா இருக்கு, எதை எந்த சிபியு எழுதுதுன்னு அதுக்குத் தெரியாது, அதைத் தெரிஞ்சுக்க பெர்ஃப் டூலோட சி2சி ரிப்போர்ட்டை (கேஷ் லைன் இடிபாட்டைக் காட்டும்) ஒரு உண்மையான லோட்ல ஓட்டிப் பாருங்க. கன்ஃபிக் மாறினா லேஅவுட்டும் மாறும், லாக்டெப் (லாக் தப்பைக் கண்டுபிடிக்கிற டீபக் ஆப்ஷன்) ஆன் பண்ண கர்னல்ல ஸ்பின்லாக்கே ஊதிப் போயிருக்கும், அதனால புரொடக்ஷன்ல எந்த கன்ஃபிக் ஓடுதோ அதுல எடுத்த பஹோல் அவுட்புட்டைத்தான் பேட்ச் கமிட் மெசேஜ்ல முன்ன, பின்னன்னு ரெண்டையும் ஒட்டி அனுப்பணும்.